ஹலால் என்பதோடு கேள்வி முடிந்துவிடுமா?

"ஹலாலானதைத்தானே உண்கிறோம், எதை எவ்வளவு உண்பதென்று சர்க்கார் நமக்குச் சொல்வானேன்?" என்று திருவாண்டார்கோயில் பக்கத்துச் சகோதரர்கள் சிலர் கேட்கின்றனர். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களைப் பற்றிய பேச்சு இது.

அல்லாஹு தஆலா திருமறையில் (2:168) ஹலாலுடன் 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே கூறுகிறான். தூய்மையும் நன்மையும் அச்சொல்லில் அடங்கும். வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவும் நாம் அறிந்ததே. உடல் நம்மிடமுள்ள அமானிதம். ஆகவே நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாமென்று அந்நூல் சொன்னால் தள்ளிவிடுவதற்கில்லை. அது ஒரு தேக்கரண்டி அளவே. கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பும் அக்கணக்கில்தான் சேரும். இரத்தக் கொதிப்புள்ளவர் இதையறிந்தும் அள்ளி உண்டுவிட்டு நஸீபின் மீது பழி போடுவது தவக்குல் ஆகாது. அதற்காக ஊறுகாயை ஹராமாக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆர்வ மிகுதியில் அப்படிப் பேசுவோரும் உண்டு!

நம்மை உறுத்துவது வேறொன்று. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, மாமிசம் சேர்ந்து 85 கிராம் என்கிறது அந்நூல். நால்வருள்ள வீட்டில் காய்கறி மட்டுமே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். தொழிற்பேட்டைக்கு நாட்கூலியாகப் போகிறவரும் கரும்பு வெட்டப் போகிறவரும் இதை எங்ஙனம் வாங்குவர்? சோற்றால் வயிற்றை நிரப்பும் அவரிடம் சென்று அமானிதத்தைப் பற்றி உபதேசிப்பது நியாயமன்று. சக்திக்கு மீறிய சுமை எவர் மீதும் இல்லை (2:286).

அவரால் இயலாத அக்கடமை மறைந்துவிடுவதில்லை. வசதியுள்ள அண்டை வீட்டார் மீது வருகிறது. ஆணம் காய்ச்சும்போது தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு ஏவப்பட்டது. நாமோ வலீமாவில் பிரியாணியும் நோன்பு திறப்பில் எண்ணெயில் பொரித்த வடையும் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென எண்ணுகிறோம்.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒன்று உண்டு. அந்நூலின் இரண்டாவது வழிகாட்டுதலே கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடுதல் உணவு தரவேண்டும் என்பதுதான். நம் வீடுகள் பலவற்றில் சமைத்தவள் கடைசியில் அமர்கிறாள். மாமிசத் துண்டுகள் தீர்ந்த பிறகு சட்டியை வழித்து உண்கிறாள். அவளுக்குரிய பங்கை முதலிலேயே எடுத்து வைக்கப் பணம் எதுவும் வேண்டியதில்லை.

ஃபித்ராவை அரிசியாகவே கொடுப்போம். மற்ற மாதங்களின் ஸதகாவில் துவரம் பருப்பும் முட்டையும் ஏன் இடம்பெறக்கூடாது? கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டார் கீரையை உதிர விடாமல் இரண்டு பிடி ஒடித்து அடுத்த வீட்டுக்கு அனுப்பலாமே.