காணாமல் கொடுப்பதும் கண்டு கொடுப்பதும்

புறநானூற்றின் 208ஆம் பாட்டை நடத்தும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்ப, பெருஞ்சித்திரனார் மறுத்துவிடுகிறார். தகுதியறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்கிறார். பசியிலும் விடாத இந்த மிடுக்கு எல்லோருக்கும் பிடிக்கும். அதே புலவர் குமணனைப் பாடிய 159ஆம் பாட்டை நான் மறுநாள் நடத்துவேன். குப்பைக்கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்துத் தின்னும் மனைவி, பிள்ளைகள் சப்பிச் சப்பி வாடிப்போன அவள் மார்பு என்று வீட்டின் வறுமை முழுவதும் அரசன் முன்னால் எடுத்து வைக்கப்படுகிறது. "அந்தம்மாகிட்ட கேட்டாரா மேம்?" என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். பாட்டில் அதற்குப் பதில் இல்லை.

சென்ற ஆண்டு திருச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்திய கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு நடுவராகப் போயிருந்தேன். இரண்டு நாளும் இந்த இரண்டு பாட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

நான் ரயிலில் ஆறு மணி நேரம் பயணம் செய்தேன். எனக்கு அறை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கல்வராயன் மலையிலிருந்தும் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்திருந்தார்கள். பையன்கள் பெரும்பாலும் தனியாக வந்தார்கள். பெண்பிள்ளைகளோடு அம்மாவோ அண்ணனோ சித்தப்பாவோ வந்தார்கள். நகரப் பேருந்தில்தான் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட், அதோடு துணைக்கு வந்தவரின் இரண்டு நாள் கூலி. பேருந்து நிலையக் கழிப்பறையில் காசு கொடுத்து முகம் கழுவி, சுடிதார் மாற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றார்கள். துணைக்கு ஆள் கிடைக்காதவள் வந்திருக்கவே மாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம், அவ்வளவுதான். நாங்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே பாதித் தேர்வு முடிந்திருந்தது.

ஐந்து பேர் கொண்ட குழுவில் நான் ஒருத்திதான் பெண். பையன்களிடம், "என்னவா ஆகப்போறே தம்பி?" பெண்களிடம், "பாதியில கல்யாணம் பண்ணி அனுப்பிட மாட்டாங்களே?" வீட்டுப் பெரியவர்கள் நாளைக்கு என்ன முடிவெடுப்பார்கள் என்பதற்குப் பதினேழு வயதுப் பெண் ஜாமீன் நிற்க வேண்டும்.

நொய்யல் கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கோப்பில், அவள் அம்மா கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழ் இருந்தது. அதை வாங்க அந்த அம்மா கிராம நிர்வாக அலுவலரிலிருந்து வட்டாட்சியர் வரைக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருப்பார். எங்கள் மேசையில் மறுபடியும் ஒரு குரல்: "அப்பா ஏம்மா விட்டுட்டுப் போனாரு?" பெண் பதில் சொல்லாமல் கதவைப் பார்த்தாள். வெளியே அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அதான் சான்றிதழ் இருக்கே சார், இந்தக் கேள்வி வேண்டாம்" என்றேன். பிறகு அவளிடம், "வேதியியல் ஏன் கேட்டிருக்கே?" என்றேன். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததில் தொடங்கி, திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணைக்கு வந்து தேங்கியது வரைக்கும் பத்து நிமிடம் பேசினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கேட்டார்: "கேக்கலேன்னா யாருக்கு ரொம்பத் தேவைன்னு எப்படித் தெரியும் மேடம்? மார்க்கை வெச்சுக் குடுத்தா டியூஷன் போன பிள்ளைதானே வாங்கிட்டுப் போகும்?" நியாயமான கேள்வி. அறுபது பிள்ளைகள், இருபத்தைந்து இடங்கள். ஆனால் வருமானமும் வீட்டு நிலையும் தாளில் இருக்கின்றன. சந்தேகமென்றால் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். எங்கள் மேசையில் அளக்கப்பட்டது தேவை அல்ல, தேவையைச் சொல்லும் திறமை. கோவையாகச் சொன்னவளுக்கு ஒரு மதிப்பெண் கூட, கண் கலங்கியவளுக்கு இன்னொன்று. இறுகிப்போய் உட்கார்ந்தவள், "ஆர்வமில்லை" என்ற குறிப்போடு போனாள். "அழுகை வந்தா அடக்காதேன்னு டீச்சர் சொல்லி அனுப்பினாங்க" என்று ஒருத்தி வெள்ளந்தியாகச் சொன்னாள். பொதுத்தேர்வுக்குத் தயாராவதுபோல் துயரத்துக்கும் தயாராகி வருகிறார்கள்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்தத் துயரம் பெரும்பாலும் அம்மாவுடையது. மகளின் கட்டணத்துக்காக அம்மாவின் வாழ்க்கையை அந்நியர்கள் முன்னால் பிரித்துப் போடச் சொல்கிறோம். ஒரு பெண் மட்டும் யாரும் கேட்காமலே, மீன் கூடையோடு தன்னை ஏற்ற மறுத்த பஸ்ஸின் முன்னால் அம்மா நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளாக எடுத்த கதை, அவள் விரும்பிய இடத்தில் நிறுத்தினாள். கேட்டு வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது என்றே நினைக்கிறேன்.

கதை கேட்காமலும் கொடுக்க முடியும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாயை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அப்பா எங்கே என்று கேட்பதில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அதற்கு முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். தேவதாசி முறையை எதிர்த்தவரின் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் 1,000 ரூபாயில் விடுதிக் கட்டணம் கட்ட முடியாது. அதனால் அறக்கட்டளை மேசைகள் இருக்கத்தான் போகின்றன. இந்தப் பெண்களுக்குப் பெருஞ்சித்திரனாரைப் போல் மறுத்துவிட்டு நடக்கும் வசதி கிடையாது. அவர் கேட்டது தன் புலமையைக் காணும்படி. இவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடமில்லை.

இந்த ஆண்டு விண்ணப்பத்தின் மாதிரி போன வாரம் வந்தது. துணைக்கு வருபவரின் பஸ் கட்டணத்துக்குப் புதிதாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்டதில் அது நடந்திருக்கிறது. நான்காம் பக்கத்தில் "குடும்பத்தின் துயரச் சூழலை விரிவாக எழுதவும்" என்று இருபது வரி அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு, "எதைப் படிக்க விரும்புகிறாய், ஏன்?" என்று எழுதி அனுப்பினேன். அச்சுக்குப் போகும் முன் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது.