இரண்டாவது அம்பு

உடல் நோயுற்றால் உள்ளமும் நோயுறத்தான் வேண்டுமா? தம்மத்தைச் சரணடைந்த நாம் தெளிய வேண்டிய கேள்வி இது.

அம்பு தைத்த ஒருவனை மற்றுமோர் அம்பும் தைத்தால் வேதனை இரட்டிக்கும் என்று பகவான் புத்தர் சல்லத்த சுத்தத்தில் விளக்கினார். முதலாவது உடல்நோவு, இரண்டாவது, அதனை எண்ணி நாம் கொள்ளும் புலம்பலும் கொதிப்பும். முதல் அம்பு ஞானிக்கும் உண்டு. முதுகு வலித்தபோது பகவானே ஆனந்தரை உபதேசிக்கப் பணித்துவிட்டுத் தாம் படுத்துக்கொண்டார். வலியை அவர் மறைக்கவில்லை, அதற்காக நாணவுமில்லை.

சீத்தா கேம்பில் வாழும் நம்மவர்க்கு இரண்டாவது அம்பு பெரும்பாலும் 'முற்பிறவிப் பாவம்' என்னும் சொல்லாகவே வருகிறது. காசநோயாளியின் தட்டை ஒதுக்கி வைப்பதும், நீரிழிவுடையவர் 'தலைவிதி' என்று மருந்தைக் கைவிடுவதும் அதன் விளைவுகளே. பஞ்சாலைத் தூசியால் மூச்சு முட்டிய நாட்களில் நாமும் அவ்வாறே நம்பி, இரவெல்லாம் நம்மையே நொந்துகொண்டோம். கார்டிங் பகுதியில் நம்முடன் நின்று இருமியோர் பலர். அத்தனை பேருமா ஒரே பாவத்தைச் செய்திருந்தோம்? இவ்வினா எழுந்த பின்னரே மனச்சுமை இறங்கியது; இருமல் மட்டும் நின்றது.

எல்லா வேதனையும் முன்வினைப் பயனே என்போரைக் குறித்து மோலிய சீவகர் வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாயு, பருவமாற்றம் முதலியவற்றாலும் வேதனை உண்டாகும் என்று காட்டிப் பகவான் அக்கொள்கையை மறுத்தார். நெருக்கடி நிலைக் காலமான 1976இல் ஜனதா காலனியிலிருந்து நம் பெரியோர் பெயர்க்கப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டதும் விதியன்று. மனிதர் செய்த முடிவே. காரணம் அறிந்த துயரை எதிர்த்துக் கேட்கலாம், தீர்க்கவும் முயலலாம். விதி எனக் கொண்ட துயரைச் சுமக்க மட்டுமே இயலும்.

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரும் நீரிழிவால் நெடுநாள் நலிந்தார். மருத்துவமும் செய்துகொண்டார், எழுத்தையும் விடவில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் அவர்தம் நூல், அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்தது.

ஆயினும், இரண்டாவது அம்பைத் தனியொருவராய்ப் பிடுங்குவது எளிதன்று. வயிற்றுப்போக்கால் கிடந்த பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் தம் கையாலேயே கழுவிக் கட்டிலில் கிடத்தினர். ஆகவே அன்பர்களே, நோயாளியின் வாயிலில் நின்று 'என்ன பாவம் செய்தாயோ' என்னாதீர்கள். உள்ளே சென்று அருகில் அமருங்கள். 'இன்று மருந்து உண்டீரா?' என்று கேளுங்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். காசநோய்க்கு அரசு மருத்துவ நிலையங்களில் மருந்து இலவசமாய்க் கிடைக்கிறது. மருத்துவர் சொன்ன காலம் முடியும்வரை அதை நிறுத்தாதிருக்கத் துணைநில்லுங்கள். முதல் அம்புக்கு மருந்து, இரண்டாவதற்கு மைத்திரி. இரண்டும் நம் கடமையே.

எல்லா உயிரும் நலமுறுக!