சுபம் யாருக்கு?

கதையை முடித்துவிட்டுக் கீழே ‘சுபம்’ என்று போடுவது நம் பத்திரிகைகளிலும் படங்களிலும் பழைய வழக்கம். அச்சில் அந்தச் சொல் அருகிவிட்டது. வாசகர் மனத்தில் அருகவில்லை. தொடர்கதை எழுதுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். கதாநாயகிக்கு இரண்டு வாரம் விடாமல் காய்ச்சல் அடித்தால் போதும், ‘அவளைக் கொன்றுவிடாதீர்கள்’ என்று மன்றாடிக் கடிதங்கள் வந்துவிடும்.

விமரிசகர்கள் இதைக் கண்டு சிரிப்பார்கள். “வாழ்க்கையில் ஏது ஐயா சுபம்? இல்லாததை இருப்பதாகச் சொல்வது பொய்யல்லவா?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். இதற்கு விடை தேடுகிறவர்கள், சுபமான முடிவையே சட்டமாக வைத்துச் சங்கம் நடத்திய அமெரிக்கக் காதல் நவீன எழுத்தாளர்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற அந்தச் சங்கம் 1980-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் தோன்றியது. காதல் நவீனத்துக்கு அவர்கள் வகுத்த இலக்கணம் இரண்டே அடி: கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். 1981-இல் முதல் மகாநாடு கூடிற்று. பிறகு பல்லாண்டுகள் ஏதாவது ஒரு நகரத்துப் பெரிய ஓட்டலில் கூடிக் கலைவார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

அங்கே என்ன நடக்கும்? பேர் பெற்றவர்கள் புதியவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். பிரசுராலயத்துப் பதிப்பாசிரியர்களிடம் சில நிமிஷங்கள் தன் கதையைச் சொல்லிக் காட்டப் புது எழுத்தாளருக்கு வாய்ப்புக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து தங்கள் புத்தகங்களில் கையெழுத்திட்டு விற்பார்கள். அந்த வருமானம் வயது வந்தோரின் எழுத்தறிவுப் பணிக்குப் போகும்.

இதில் முதற்பாடம் இருக்கிறது. ஒரே சந்தையில் கடை விரித்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சரக்கின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். புலவனுக்குப் புலவன் பகை என்பது விதியல்ல என்று காட்டினார்கள். படித்தவர்கள் ஏளனம் செய்த எழுத்து அவர்களுடையது. அந்த ஏளனமே அவர்களைச் சகோதரிகளாக்கிற்று போலும்.

இரண்டாம் பாடம் விமரிசகரின் கேள்விக்கு விடை. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவள் இரவில் ஒரு புத்தகத்தைப் பிரிக்கிறாள். ‘உன்னை எவ்வளவு அழ வைத்தாலும் கடைசியில் கைவிட மாட்டேன்’ என்று ஆசிரியர் அவளுக்கு வாக்குத் தருகிறார், காப்பாற்றுகிறார். உலகமே இப்படித்தான் என்று அவர் சாதிக்கவில்லை. இந்த இருவருக்கு இது கிட்டியது என்று மட்டுமே சொல்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பது பொய்யாகாது. சுபமான முடிவுக்காக எந்த எழுத்தாளரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சங்கத்தின் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. மூன்றாவது பாடம்தான் கசப்பானது.

சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களில் விவியன் ஸ்டீபன்ஸ் ஒருவர். கறுப்பினப் பெண்மணி; பதிப்பாசிரியை. கறுப்பினக் காதலர்களைப் பற்றிக் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நவீனத்தை 1980-லேயே பெரிய பிரசுராலயத்தின் வழியாக வெளிக்கொணர்ந்தவர். அவர் வித்திட்ட சங்கம், முதல் தலைவியான ரீட்டா கிளே எஸ்ட்ராடாவின் பெயரால் 1990 முதல் ‘ரீட்டா’ என்ற பரிசை ஆண்டுதோறும் வழங்கி வந்தது. அந்தப் பரிசைக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர்கூடப் பெற்றதில்லை என்று 2018-இல் சங்கமே ஒப்புக்கொண்டது. 2019-இல்தான் அந்தக் குறை நீங்கிற்று.

இதைச் செய்த கொடியவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார். முதல் சுற்றில் நடுவர்கள் சக எழுத்தாளர்களே. புத்தகங்கள் அவரவர் வீட்டுக்குப் போகும். தனியே படித்து மதிப்பெண் போடுவார்கள். சதி செய்யக் கூடிப் பேச வேண்டிய தேவையே இல்லை. ‘நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆனாலும் என் மனம் ஒட்டவில்லை’ என்று நினைத்து ஒரு மதிப்பெண் குறைத்தால் போதும். ஒருத்தி குறைத்தால் அது ரசனை. ஆயிரம் பேர் இருபத்தொன்பது ஆண்டுகள் குறைத்தால் அதற்குப் பெயர் என்ன? தனித்தனியே பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள். கூட்டிப் பார்த்தால் அநீதி.

வாசகருக்கு ‘மனம் ஒட்டவில்லை’ என்று புத்தகத்தை மூடி வைக்க உரிமை உண்டு. நடுவருக்கு அந்த உரிமை இல்லை. ஒட்டாதது புத்தகத்தின் குறையா, தன் மனத்தின் குறுக்களவா என்று கேட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர் அவர்.

கேளாமல் விட்டதன் விலை பிறகு தெரிந்தது. 1999-இல் வந்த ஒரு நவீனம் சீனப் பெண்களை இழிவாகச் சித்திரிக்கிறது என்று கோர்ட்னி மிலன் என்ற எழுத்தாளர் பகிரங்கமாகக் கண்டித்தார். 2019 டிசம்பரில் சங்கம் அவரையே தண்டித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தண்டனை திரும்பப் பெறப்பட்டது. சில வாரங்களில் நிர்வாகக் குழுவே விலகிற்று. 2020-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டி நடக்கவில்லை. அதன்பின் பரிசுக்கு ‘விவியன்’ என்று அந்தப் பெண்மணியின் பெயரையே சூட்டினார்கள்.

பெயரை மாற்றுவது எளிது. 2021-இல் அந்தப் புதிய பரிசு முதல் முறையாக வழங்கப்பட்டபோது, பரிசு பெற்ற நூல்களில் ஒன்று 1890-இல் அமெரிக்கப் படையினர் லகோட்டா மக்களைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலையில் தொடங்குவது. அதில் பங்கு கொண்ட சிப்பாயே கதாநாயகன். அவன் மனம் வருந்துகிறான், திருந்துகிறான், காதலை அடைகிறான். கண்டனம் எழவே பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாவி திருந்துவதை எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் திருந்துவதற்கு மேடையாகக் கிடத்தப்பட்டிருந்தார்களே, குழந்தைகளும் தாய்மாரும், அவர்களுடைய சுபம் எங்கே? மதிப்பெண் போட்டவர்கள் கண்ணில் சிப்பாயின் கண்ணீர் மட்டுமே பட்டிருக்கிறது.

ஒரு காலத்தில் சுமார் பதினாயிரம் பேர் இருந்த சங்கம் சுமார் இரண்டாயிரமாகச் சுருங்கிற்று. 2024 மே மாதம் திவால் மனுவுடன் நீதிமன்றம் ஏறிற்று. பெருங்கடன் யாரிடம் தெரியுமா? மகாநாட்டுக்காக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்த ஓட்டல்களிடம். கூடுவதற்கு இடம் பேசி வைத்திருந்தார்கள். கூட ஆள் இல்லை.

அமெரிக்கர்கள் கதை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் மதிப்பெண் போடும் வேலை நம் எல்லாருக்கும் இருக்கிறது. வீட்டுக்குக் குடி வைக்கும்போது போடுகிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது போடுகிறோம். பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது போடுகிறோம். ‘குறையொன்றும் இல்லை, ஆனாலும் மனம் ஒட்டவில்லை’ என்கிறோம். அந்த வார்த்தைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடமை இன்னும் ஒரு படி அதிகம். நம் கதைகளில் காதலர்கள் பேசிக்கொண்டிருக்கும் கூடத்துக்கு ஒருத்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்குப் பெரும்பாலும் பெயரும் இராது. அவளும் ஒருவனுக்காகத் தெருமுனையில் காத்திருக்கக் கூடும். கதை அவள் பின்னால் போவதில்லை. சுபம் என்று எழுதுவது தவறில்லை. எழுதுவதற்கு முன் சமையலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.