கைகழுவச் சொல்கிறோம், தண்ணீர் எங்கே?

காலை வணக்கம் முடிந்ததும் சுத்தப் பரிசோதனை நடத்தும் வழக்கம் நமது பாடசாலைகள் பலவற்றில் இன்றும் உண்டு. பிள்ளைகள் கைகளை நீட்டியபடி நிற்பர். நகம் வெட்டாதவன், தலை வாராதவள், தோய்க்காத உடுப்போடு வந்தவன் ஆகியோர் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப்படுவர். ஆசிரியரின் நோக்கம் நல்லதே, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாறு நிறுத்தப்படுவோர் யார் என்று ஒரு மாத காலம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே முகங்களாகவே இருக்கும்.

மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அங்கே விலக்கி நிறுத்தப்படும் பிள்ளை, ஒற்றைக் காம்பிரா லயத்தில் ஐந்தாறு பேருடன் உறங்கி எழுந்த பிள்ளை. பல குடும்பங்களுக்கும் பொதுவான பீலியில் நீர் பிடிக்க நின்ற பிள்ளை. தாய் கொழுந்து பறிக்கப் புறப்படுமுன் தம்பியைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளை. சாப்பாட்டுக்கு முன்னும் மலசலகூடம் சென்ற பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடத்தில் கேட்டால் பிழையின்றி எழுதி முழுப் புள்ளியும் பெறுவான். பாடசாலையின் நீர்க்குழாயோ வரண்டு கிடக்கிறது. இவன் செய்த குற்றம் என்ன? குற்றம் இல்லையெனில் அவனை ஏன் வெளியே நிறுத்தினோம்?

தன் உடலைப் பேணுவது அவரவர் பொறுப்பு என்பர் பலர். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு உணர்த்தினார். ஆன்மாவை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு உடலை இகழலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில் கற்பித்தது. ஆயினும், 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், உடல்நலம் இறைவன் தந்த விலைமதிப்புள்ள கொடை என்று கூறும் அதே 2288ஆம் பத்தியில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது. மக்கள் உடல்நலத்தைப் பேணுவதற்குச் சமுதாயத்தின் உதவி தேவை; உணவு, உடை, வீடு, வைத்தியம், அடிப்படைக் கல்வி, தொழில் என்பன கிடைக்கும் வாழ்க்கை நிலையை அது ஏற்படுத்த வேண்டும் என்பதே அது. முதற்பகுதியை நாம் பிள்ளைக்குப் போதிக்கிறோம். இரண்டாம் பகுதியை நமக்கு நாமே வாசித்துக் காட்டுவது மிகவும் குறைவு.

இவ்விரண்டையும் பிரித்தால் என்ன நேரும் என்பதை நமது நாட்டு வரலாறே காட்டியிருக்கிறது. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மலத்தால் அசுத்தமான ஈரமண்ணில் இப்புழுவின் குடம்பிகள் வளரும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகும். பின்னர் குடலில் ஒட்டியிருந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குன்றிய தொழிலாளி சோர்ந்துபோவான். அவனைச் சோம்பேறி என்று கூறுவது துரைமாருக்கு எளிதாயிருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழுவின் படத்தைக் காட்டி விளக்கமும் கொடுத்தார்கள். ஆனால் மலசலகூடம் கட்டப் பணம் வேண்டுமே! அதற்குத் தோட்ட நிருவாகங்கள் பல பின்வாங்கின. மருந்து குடித்தவர் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தார். புழு மீண்டும் வந்தது. மருந்தும் பொய்யில்லை, போதனையும் பொய்யில்லை. இரண்டும் நிற்பதற்கு ஓர் இடம் இல்லாமற் போயிற்று. இவ்வனுபவத்திற்குப் பின்னரே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவாயிற்று. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோர் ஒரு பிரதேசத்துக்குப் பொறுப்பாயிருந்து வீட்டையும் கிணற்றையும் பாடசாலையையும் ஒன்றாகப் பார்க்கும் முறை அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகளும் சுகாதாரக் கல்வியைத் தனியே வைக்கவில்லை. உணவு, பாதுகாப்பான நீர், மலசலகூட வசதி ஆகியவற்றோடு ஒரே நிரலில் வைத்தன.

‘கைகழுவிவிடுதல்’ என்று தமிழில் ஒரு வழக்குண்டு. பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் செய்து கைகளைக் கழுவியதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். தண்ணீர் இல்லாத பாடசாலையில் கைகழுவுதலைப் பற்றிச் சொற்பொழிவாற்றிவிட்டு வருகிறவர், உண்மையில் யாருடைய கையைக் கழுவினார் என்பது கேட்கத்தக்க கேள்வி.

அப்படியானால் வசதி வரும்வரை பாடம் வேண்டாமோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏழைக்கு அறிவால் பயனில்லை என்பது ஏழையை இழிவுபடுத்தும் பேச்சு. தோட்டத்து வீட்டின் காலை உணவையே எடுத்துக்கொள்வோம். கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி போட்ட தேத்தண்ணீர். தேயிலையிலுள்ள சாயப்பொருள், தானியத்திலும் இலைக்கறியிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதே தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அத்தடை குறையும். சம்பலிலோ கீரையிலோ தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இதற்குப் பெரிய செலவில்லை. நாடு முழுவதும் குடிக்கும் தேயிலையைப் பறிக்கும் கைகளுக்கு இச்செய்தி எட்டாமலிருப்பது நியாயமா? பாடசாலையில் கிழமைக்கொரு முறை கொடுக்கப்படும் இரும்புச்சத்துக் குளிசையும் அவ்வாறே. வெறும் வயிற்றில் விழுங்கினால் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். சாப்பிட்டபின் விழுங்கினால் அந்த உபாதை குறையும். இதை ஒருவர் பொறுமையோடு சொல்லிக்கொடுத்தால் குளிசை வேலிக்கு அப்பால் எறியப்படாது. ஆனால் இங்கும் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிட்டபின் விழுங்கு என்று சொல்வதானால், அப்பிள்ளை காலையில் சாப்பிட்டானா என்று கேட்டாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இக்கேள்விக்கு வகுப்பறைகளில் கிடைத்த விடைகளை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 100க்கு ஏறக்குறைய 32 பேர். அன்று மதிக்கப்பட்ட அக்குழந்தைகளே இன்று நமது வகுப்பறைகளில் இருக்கின்றனர். இவர்கள் பாடத்தைக் கவனிக்கவில்லை என்பதாலா குன்றினார்கள்?

வறுமையோடு தொடர்பில்லாத பக்கமும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2016இல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இட வேண்டுமென அரசு விதித்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவெனில் பச்சை என்பது அன்றைய அளவு. பிள்ளைகள் இக்குறியை நன்றாகப் படிப்பார்கள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ஆலயத் திருவிழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் பெரியவர்களாகிய நாமே சிவப்புக் குறிப் போத்தலை உடைத்து நீட்டிக்கொண்டு நிற்போம். மறைப்பாடசாலையில் சரியான விடை சொன்னால் ரொபி! (பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.)

இன்னும் சிக்கலான கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைக்குச் சொன்னால் பிள்ளை வீட்டுக்குச் சொல்லும் என்று சுகாதாரப் பிரசாரகர் நம்புகின்றனர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்போம் என்று மகள் தாயிடம் சொல்வதில் தவறில்லை. ஆனால் தகப்பனின் வெற்றிலைப் பாக்கையும் சாராயத்தையும் திருத்தும் வேலையைப் பத்து வயதுப் பையனின் தோளில் ஏற்றலாமா? இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிவித்தது. இவை உண்மைகள், பையன் அறிந்திருக்கவும் வேண்டும். அவன் வீட்டுக்குப் போய் இவ்வுண்மைகளைச் சொல்லி அறை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் கற்பனையை மீறினானா, காத்தானா? தந்தையின் உயிரில் அக்கறை கொண்டதால் அவன் காத்தான் என்றே நான் சொல்வேன். ஆனால் அந்த அறையை வாங்கியிருக்க வேண்டியவர்கள் நாம். பெரியவனுக்குப் பெரியவன் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பிள்ளையைத் தூது அனுப்பினோம். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையை மெல்லும் தாயிடம், அந்தப் பசியைப் பற்றிப் பேசாமல் வெற்றிலையை மட்டும் பற்றிப் பேசுவதும் சரியாகாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுத வேண்டும். பருவமடைந்த மாணவிக்குக் கதவு பூட்டக்கூடிய, நீருள்ள மலசலகூடம் பாடசாலையில் இல்லையெனில் அவள் மாதத்தில் சில நாட்கள் வீட்டிலேயே நின்றுவிடுவாள். 2024இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகளுக்குச் சுகாதார அணையாடை வாங்க அரசு வவுச்சர் வழங்கியது. நல்ல காரியம். கதவின் பூட்டுக்கு வவுச்சர் தேவையில்லை. ஒரு தச்சரும் அரைநாளும் போதும்.

யாகப்பர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பசித்தவனை வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடுவது அங்கே எவ்வாறு மதிக்கப்படுகிறது என்று காண்பீர்கள். நமது பங்குகளில் நீர்த்தாங்கி ஒன்றை வைத்துக்கொடுக்கக்கூடியவர் இருக்கின்றனர். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரும் நம் சபை அங்கத்தவராக இருக்கலாம். ஆனால் பணமின்றிச் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் பாடசாலைக்கு வந்து, குறித்த வகுப்புகளின் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். கண் மங்கல், பற்சூத்தை, இரத்தக்குறைவு, இருதய ஒலியில் மாற்றம் என்று ஏதும் கண்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லும்படி ஒரு துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்புவர். கிளினிக் நாளோ வேலைநாள். தாய் போனால் அன்றைய பேர் இல்லை, சம்பளம் இல்லை. தகப்பனுக்கும் அதே கதி. துண்டு தகரப் பெட்டிக்குள் போகிறது. பிள்ளை கரும்பலகை தெரியாமல் பின்வாங்கில் அமர்ந்து, படிக்க விருப்பமற்றவன் என்ற பெயரை எடுக்கிறான். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரோ, புனித வின்சென்ட் டி போல் சபையின் அங்கத்தவர் ஒருவரோ, தாய் தந்தையரின் சம்மதத்தோடு அவனையும் அந்தத் துண்டையும் பஸ்ஸில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் ஒரு பகற்பொழுதே செலவாகும். இப்படி எத்தனை துண்டுகள் நமது பங்கு வீடுகளில் கிடக்கின்றன என்று ஞாயிறு பூசை முடிந்து கலையுமுன் விசாரித்துப் பார்க்கலாம்.