முருகன் எடுத்துக் கொடுத்த முதல் அடி

 

திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் தாங்கிப் பிடித்த கதை நமக்கெல்லாம் தெரியும். அதுக்கப்புறம் நடந்ததைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தன்னைப் பாடச் சொன்னார் முருகன். பாடத் தெரியாதே என்று தயங்கினார் அருணகிரியார். "இத்தனை வருஷம் வீணாக்கினியே, உனக்கெங்கே வரப்போகுது?" என்று முருகன் கேட்கவில்லை. முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுத்தார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் திருப்புகழ் 1,300 பாடல்களுக்கும் மேல். நம்ம மருதமலைக்கும் அதில் பாட்டு உண்டு.

அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ராமநாதபுரத்தில் படித்தபோது தெரியாமல் வேறு வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். ராமகிருஷ்ண ஐயர் என்ற ஆசிரியர் எல்லார் முன்னாலும் பிரம்பால் அடித்தார். பல மாதம் கழித்து கலாம் கணக்கில் முழு மார்க் வாங்கியதும், அதே ஆசிரியர் காலைக் கூட்டத்தில் பள்ளி முழுக்கக் கேட்கும்படி, இவன் பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் பெருமை சேர்ப்பான் என்றார். பத்துப் பேர் முன்னால் பட்ட அவமானம், பத்துப் பேர் முன்னால் சொன்ன நல்ல வார்த்தையால்தான் ஆறும்.

இதை நான் படித்தும் உறைக்கலைங்க. ஆபீஸில் புதுசா சேர்ந்த பசங்களுக்கு நான்தான் கிளாஸ் எடுக்கிறேன். போன மாசம் ஒரு தம்பியிடம் எல்லார் முன்னாலும், "இதுகூடத் தெரியாம எப்படிப்பா டிகிரி வாங்கினே?" என்று கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்றிலிருந்து அவன் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

கிருத்திகை அன்னைக்கு மருதமலைப் படி ஏறும்போது அருணகிரியார் ஞாபகம் வந்தது. சன்னதியில் கண்ணை மூடினால் அந்தத் தம்பி முகம்தான். முருகனிடம் மன்னிப்புக் கேட்டால் போதாது, கேட்க வேண்டிய ஆள் வேறு என்று புரிந்தது.

மறுநாள் அதே வகுப்பில், எல்லார் முன்னாலும், "நான் அப்படிப் பேசினது தப்பு தம்பி" என்றேன். போர்டில் புரோகிராமின் முதல் வரியை எழுதி, "அடுத்தது நீ சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் தயங்கினான். அப்புறம் சொன்னான். அது தப்பான வரிதான். ஆனா வாயைத் திறந்துட்டான், அது போதுமுங்க.

நம்மில் வாத்தியார்கள், டீச்சர்கள், பெத்தவங்க நிறையப் பேர் இருக்கீங்க. நாளைக்குத் தடுமாறும் ஒரு குழந்தைக்கு முதல் அடியை எடுத்துக் கொடுங்க. மீதியை முருகன் பார்த்துக்குவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!