எவ்வளவு தூரம்?

நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருட்டிய பிறகு நின்றால், மதுரையிலிருந்து கிளம்பும் விமானம் சிறு விளக்காக நகர்வது தெரியும்.

"சிங்கப்பூர் எவ்வளவு தூரமப்பா?" என்பாள் அம்மா. தம்பி அங்கே இருக்கிறான்.

"நாலு மணி நேரம்தான் அம்மா" என்பேன்.

அவள் கேட்டது தூரத்தை; நான் சொன்னது நேரத்தை. மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய வழியில் சுமார் 3,000 கிலோமீட்டர். அதை நாலு மணியாகச் சுருக்கிவிட்டதில் எனக்கு ஓர் அலட்சியம் வந்துவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர். கடலிலேயே ஏறக்குறைய ஒரு வாரம். ஊரில் சாவு என்றால் கடிதம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 'வரவில்லையே' என்று அவரை யாரும் ஏசவில்லை. முடியாதவனிடம் கடமையைக் கேட்பது நியாயம் அல்லவே!

அப்படியானால், விமானம் வந்தபின் நம் கடமை கூடிவிட்டதா? கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்பா காலமானபோது தம்பி பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். "நாலு மணி நேரத்தில் வரமுடியாத பிள்ளையா நீ?" என்று உறவினர் முன்னிலையில் கேட்டேன். அவன் தலை குனிந்துகொண்டான். அப்போது அவன் வேலை மாறிக்கொண்டிருந்தான், புது அனுமதி கைக்கு வராமல் வெளியேறினால் திரும்ப முடியுமோ முடியாதோ என்று பயந்திருந்தான் என்பதைப் பல மாதம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா, தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகச் செலுத்தியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர். புது வழி 15,300. ஆனாலும் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது; முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மணி குறைவு. காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று. பழைய வழியில் அது எதிர்க்காற்று. புது வழியில் பின்னாலிருந்து தள்ளும் காற்று.

மனிதர்களுக்கும் எதிர்க்காற்று உண்டு. லீவு, கடன், டிக்கெட் விலை, முதலாளியின் முகம். படத்தில் தூரத்தை அளந்து ஒருவனுடைய பாசத்துக்குத் தீர்ப்புச் சொல்பவன், காற்றைக் கணக்கில் எடுக்காத மாலுமி.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் சென்னையில் இருந்தேன். மதுரைக்குச் சுமார் 420 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி சொச்சம். கையில் பணம் இருந்தது. எனக்கு எசமான் யாரும் இல்லை. ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது.

எனக்கு எதிர்க்காற்றே இல்லை. ஆனாலும், குற்றவாளியாகத் தலை குனிந்து நின்றவன் தம்பி. கேள்வி கேட்டவன் நான்.

வேகம் கடமையைக் கூட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை மனிதன் முதலில் தன்மேல் பிரயோகித்துப் பார்க்க வேண்டும். பிறருக்குக் கிலோமீட்டர் கணக்கு, தனக்கு நிமிஷக் கணக்கு: அதுவே நியாயம். நான் தலைகீழாக அளந்தேன்.

நேற்றும் விளக்கு நகர்ந்தது. அம்மா கேட்டாள்.

"மூவாயிரம் கிலோமீட்டர் அம்மா. ரொம்பத் தூரம்" என்றேன்.

பிறகு கீழே போய்த் தம்பிக்குப் போன் செய்தேன்.