அரிய தட்டும் மலிவான குரலும்

டாரெல் பேங்க்ஸ் ஒரு கறுப்பினப் பாடகர். 1966-ல் டெட்ராய்ட் நகரத்தின் சின்னக் கம்பெனியான ரெவிலாட், அவர் பாடிய ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ பாட்டைத் தட்டாக வெளியிட்டது. அமெரிக்காவின் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு அது. நிறைய விற்றதால் அந்தத் தட்டு இன்றைக்கும் பெரிய செலவில்லாமல் கிடைக்கும். அதே வருஷம் இங்கிலாந்தில் லண்டன் என்ற கம்பெனியும் இந்தப் பாட்டைத் தட்டாகப் போட்டது. அதற்குள் உரிமை ஸ்டேட்சைடு என்ற வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. லண்டன் தட்டுகள் கடைக்கு வராமலே அழிக்கப்பட்டன. அதில் தப்பிய ஒன்று 2014-ல் 14,543 பவுண்டுக்கு விற்றது.

அதே குரல், அதே வாத்தியம், அதே மூச்சு. ஒன்றுக்குச் சில்லறைக் காசு. இன்னொன்றுக்கு ஒரு கார் வாங்குகிற காசு. பாட்டுக்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே விலைதானே இருக்கணும்? அப்போ எதுக்குத்தான் குடுக்குறாங்க?

சோல் இசைத்தட்டுச் சேகரிப்பவர்களைக் கேட்டால், அசலுக்கும் அரிதுக்கும் என்பார்கள். அவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்களுடைய அறிவு லேசுப்பட்டதல்ல. பாட்டு முடிந்ததும் முள் நடு லேபிளை நோக்கி ஓடுகிற வெற்றுப் பட்டை ஒன்று தட்டில் இருக்கிறது. அங்கே பொடி எழுத்தில் மாட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும். எந்த ஒலிப்பதிவிலிருந்து வெட்டியது, எந்த ஆலையில் அச்சடித்தது என்று அதைப் படித்துச் சொல்லிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மொனார்க் ஆலை ஒரு முக்கோணம் போட்டுப் பக்கத்தில் வரிசை எண் பொறித்து வந்தது. அந்த எண்ணை வைத்துக் காலத்தையே கணக்குப் போடலாம். தட்டு வினைலா, சீக்கிரம் தேய்கிற ஸ்டைரீனா என்று பார்ப்பார்கள். லேபிளின் நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அசலில் இயந்திர முத்திரை விழுந்திருக்கிற இடத்தில், பல திருட்டுத் தட்டுகளில் கையால் கீறிய எழுத்து இருக்கும். பொய்யைப் பொய்யென்று காட்டுகிற இந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும்.

பிறப்பை விசாரித்து மதிப்புப் போடுகிற காரியத்தைப் பற்றி இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தட்டின் பிறப்பை விசாரிப்பதில் தப்பில்லை. அது சாட்சியத்தைத் தேடுகிற வேலை. அந்த விசாரணை எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

ஒரு தட்டு ஏன் அரிதாகிறது? பாட்டு உசத்தி என்பதாலா? இல்லை. அது ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை, அதனால் அரிது. 1960-களில் கறுப்பின மக்களின் நகரங்களில் சின்னச் சின்னக் கம்பெனிகள் சில நூறு தட்டுகள் அச்சடித்தன. வானொலியில் போட ஆளில்லை. ஊர் ஊராய்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. தட்டுகள் மூலையில் கிடந்தன, குப்பைக்குப் போயின. பாடியவர் வேறு வேலைக்குப் போனார். ஆகவே ‘அரிது’ என்ற சொல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு தோல்வி, ஒரு கதவடைப்பு. அந்தத் தோல்வி எவ்வளவு முழுமையோ அவ்வளவு விலை ஏறுகிறது. பாட்டு ஜெயித்திருந்தால் தட்டு மலிவு. பாடகனுக்குக் கிடைத்த நஷ்டம் இன்னொருவனின் அலமாரியில் லாபமாக உட்கார்ந்திருக்கிறது.

எல்லாரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோட்டவுன் கம்பெனிக்காக ‘டூ ஐ லவ் யூ’ பாடினார். பாடுவதை விட்டுவிட்டுத் தயாரிப்பாளராக இருக்கத் தீர்மானித்ததால் அச்சடித்த விளம்பரப் பிரதிகள் அழிக்கப்பட்டன. பிழைத்தவற்றில் ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. வில்சன் நன்றாகவே வாழ்ந்தார், பெரிய பெரிய பாட்டுகளைத் தயாரித்தார், பிற்பாடு மதபோதகரானார், 2012-ல் இறந்தார். அரிய தட்டுக்குப் பின்னால் எப்போதும் கண்ணீர்க் கதைதான் இருக்கும் என்பதில்லை.

சேகரிப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் பேசியாக வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதி ஆலை நகரங்களில், வாரம் பூராவும் வேலை செய்துவிட்டு வந்த வெள்ளைத் தொழிலாளி வர்க்கத்துப் பையன்களும் பொண்ணுங்களும் விடிய விடிய இந்தப் பாட்டுகளுக்கு ஆடினார்கள். 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ இதற்குப் பேர்போன இடம். ‘நார்தர்ன் சோல்’ என்று இதற்குப் பெயர். அமெரிக்கா மறந்துபோன குரல்களை இவர்கள் கேட்டார்கள். மேஜர் லான்ஸ் இங்கிலாந்துக்கு வந்து ‘டார்ச்’ கிளப்பில் பாடிய நிகழ்ச்சி 1973-ல் தனித் தட்டாகவே வந்தது. இவர்கள் தேடாமல் இருந்திருந்தால் எத்தனையோ பாட்டு மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும்.

ஆனால் அதே கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. நல்ல பாட்டு ஒன்று கையில் கிடைத்ததும், மற்ற டி.ஜே.க்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்று லேபிள் மேல் காகிதம் ஒட்டி, பொய்ப்பெயர் வைத்துப் போட்டார்கள். ஃபிராங்க் வில்சன் பாட்டு எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஓடியது. ஆடுகிற கூட்டத்துக்குக் குரல் தெரியும், ஆள் தெரியாது. குரலை வச்சுக்கிட்டு பேரை மறைக்கிறது சின்ன விஷயமா?

சரி, காகிதத்தை உரித்துவிட்டால் உண்மை தெரிந்துவிடுமா? பேங்க்ஸிடமே திரும்பி வருவோம். முதலில் வந்த ரெவிலாட் தட்டில் பாட்டை எழுதியவர் என்று பேங்க்ஸ் பெயர் மட்டுமே இருந்தது. அதை எழுதியது தான் என்று டானி எல்பர்ட் என்ற இன்னொரு கறுப்பினப் பாடகர் உரிமை கோரினார். தகராறுக்குப் பிறகு இருவர் பெயரும் சேர்ந்தது. அப்படியானால் அசல் லேபிளைவிடப் பின்னால் வந்த லேபிளில்தான் உண்மை கூடுதல்! தட்டு அசலாக இருப்பது வேறு, அதில் எழுதியிருப்பது நியாயமாக இருப்பது வேறு. முன்னதைச் சோதிக்கப் பூதக்கண்ணாடி போதும். பின்னதைச் சோதிக்க மனுசங்களைத் தேடிப் போகணும். பேங்க்ஸிடம் இனி யாரும் போய்க் கேட்க முடியாது. 1970-ல், 32 வயதில், ஒரு சொந்தத் தகராறில் போலீஸ்காரர் ஒருவரால் டெட்ராய்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் 2006 முதல், ஓவியம் கலைக்கூடத்திலோ ஏலத்திலோ மறுவிற்பனையானால் ஓவியருக்கு ஒரு பங்கு போக வேண்டும்; 2012 முதல் இறந்த ஓவியரின் வாரிசுக்கும் அது உண்டு. இசைத்தட்டுக்கு அப்படி ஒரு உரிமை கிடையாது. தட்டு எத்தனை கை மாறினாலும் பாடியவருக்கு ஒரு பென்னி வராது. பழைய தட்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். இல்லாதவனுக்கும் பாட்டு கிடைக்க அதுதான் வழி. ஆனால் ஆயிரம் பவுண்டைத் தாண்டிய பிறகும் ஓவியனுக்கு ஒரு நீதி, பாடகனுக்கு ஒரு நீதியா?

கேட்டால் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. 1950-களில் அட்லாண்டிக் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய ரூத் பிரவுன், பின்னாளில் வீட்டு வேலை செய்தார், பஸ் ஓட்டினார். வக்கீலோடு சேர்ந்து வருஷக்கணக்கில் தன் ராயல்டிக்காகப் போராடினார். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான், மூத்த கலைஞர்களுக்கு உதவ 1988-ல் ரிதம் அண்ட் புளூஸ் பவுண்டேஷன் உருவானது. பழைய கணக்கைத் திறந்து பார்க்க வைத்தது கணக்கில் ஏமாந்த ஒரு பெண்.

சேகரிப்பவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும் என்பதல்ல என் வாதம். மாட்ரிக்ஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களிடம்தான் இந்த வரலாற்றின் சாவி இருக்கிறது. எந்த ஆலை, எந்த மாதம் என்று கண்டுபிடித்தவர்கள், யார் பாடியது, யார் எழுதியது, யாருக்குக் காசு போய்ச் சேரவில்லை என்பதையும் கண்டுபிடிக்க முடியும். அபூர்வமான தட்டைப் பூட்டி வைக்காமல் பாட்டைப் பொதுவில் கேட்க விடலாம். விற்கும்போது, உயிரோடிருக்கிற பாடகருக்கோ குடும்பத்துக்கோ ஒரு பங்கு அனுப்பலாம். சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

‘இது அசலா?’ என்ற கேள்வியில் நின்றுகொண்டால் அது வியாபாரம். ‘இது யாருடையது?’ என்று அடுத்த கேள்வியையும் கேட்டால்தான் அதை வரலாறு என்று சொல்ல முடியும். அந்த அடுத்த கேள்வியைத் தட்டை வாங்கியவர் கேட்கலாம், விற்றவர் கேட்கலாம், சும்மா பாட்டு மட்டும் கேட்டவரும் கேட்கலாம்.